வேறு மாநிலத்தில் இருக்கும் எண்ணெய், எரிவாயு உரிமை பரம்பரையாக வந்தால் விற்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹூஸ்டனில் ராயல்டி (எடுக்கும் எண்ணெயில் உரிமையாளருக்கு வரும் பங்குப் பணம்) கணக்குப் பார்க்கும் வேலையில் இருப்பதால், தமிழ்ச் சங்கக் கூட்டமோ பிறந்தநாள் விருந்தோ, யாராவது ஒருவர் ஓரமாகக் கூப்பிட்டு இதைக் கேட்டுவிடுகிறார். மேற்கு டெக்சஸிலோ ஓக்லஹோமாவிலோ டாக்டராக இருந்த அப்பா எண்பதுகளில் வாங்கிப் போட்டதாக இருக்கும், இல்லையென்றால் அமெரிக்கரைக் கல்யாணம் செய்தவர்களுக்கு மாமனார் வழியில் வந்ததாக இருக்கும். கேட்பவர்கள் நியூ ஜெர்சியிலோ கலிஃபோர்னியாவிலோ இருப்பார்கள், சொத்து இருக்கும் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பக்கம் போனதே இருக்காது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை, சிபிஏவும் (வரிக் கணக்காளர்) இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

"அங்க எங்களுக்கு நிலமே கிடையாது. அப்புறம் எப்படி எண்ணெய் மட்டும் எங்களோடது?"

அமெரிக்காவில் மேல்நிலமும் அதற்கு அடியில் இருக்கும் எண்ணெய், எரிவாயுவும் வேறு வேறு ஆளுக்குச் சொந்தமாக இருக்கலாம். 1930களில் ஒரு விவசாயி பண்ணையை விற்கும்போது "கனிமத்தில் பாதியை நானே வைத்துக்கொள்கிறேன்" என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்த்திருந்தால், நிலம் அதற்கப்புறம் பத்துக் கை மாறினாலும் அந்தப் பாதி அவர் வாரிசுகளுக்குத்தான். அது தனியான அசையாச் சொத்து. விற்கலாம், லீசுக்கு (ஒரு நிறுவனம் கிணறு போட்டு எடுத்துக்கொள்ளும் குத்தகைக்கு) விடலாம், உயிலில் எழுதலாம். டெக்சஸில் மேலே வீடு கட்டிக் குடியிருப்பவரைவிடக் கீழே உரிமை இருப்பவருக்குத்தான் சட்டத்தில் கை ஓங்கியிருக்கும்.

நம் ஊர்க் கண்ணோடு பார்த்தால் இது சட்டென்று பிடிபடாது. காவிரி டெல்டாவில் ஓஎன்ஜிசி கிணறு போட்டால் விவசாயிக்குக் கிடைப்பது நிலத்தைப் பயன்படுத்தியதற்கான இழப்பீடு மட்டும், ராயல்டி அரசாங்கத்துக்குப் போய்விடும். அந்த ராயல்டி இங்கே தனி மனிதர்களுக்கு வருகிறது, தலைமுறை தலைமுறையாகப் பங்கு பிரிந்துகொண்டே.

"பேப்பர்ல மினரல், ராயல்டி, ஓவர்ரைட்னு ஏதேதோ இருக்கு. எல்லாம் ஒண்ணுதானே?"

இல்லை, விலையே இதில்தான் மாறும். மினரல் என்றால் முழு உரிமை: லீசுக்கு விடும் அதிகாரம், லீஸ் போடும்போது வரும் போனஸ் தொகை, அப்புறம் ராயல்டி, எல்லாம் உண்டு. வெறும் ராயல்டி உரிமை என்றால் எண்ணெய் வந்தால் பங்கு வரும், லீசைப் பற்றி உங்களை யாரும் கேட்க மாட்டார்கள். ஓவர்ரைடிங் ராயல்டி ஒரு குறிப்பிட்ட லீசோடு ஒட்டியது. அந்த லீஸ் முடிந்த அன்றைக்கு அதுவும் போய்விடும்.

வொர்க்கிங் இன்ட்ரஸ்ட் என்று இருந்தால் மட்டும் உஷாராக இருங்கள். அது கிணறு நடத்துபவர்களின் பங்கு, செலவிலும் பங்கு உண்டு. மாதாமாதம் செக் வருவதற்குப் பதில் பில் வரலாம், கடைசியில் பழைய கிணற்றை மூடும் செலவும் தலையில் விழலாம். பரம்பரையாக இது வந்திருந்தால் இந்தப் பக்கத்தில் உள்ள பாதி விஷயம் பொருந்தாது, நேராக எண்ணெய்-எரிவாயு வக்கீல் ஒருவரைப் பாருங்கள்.

"வீட்ல ஒரு பழைய செக் ஸ்டப் மட்டும்தான் கிடைச்சுது. எங்க என்ன இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அந்த ஸ்டப்பை, அதாவது செக்கோடு வரும் விவரச் சீட்டை, தூக்கிப் போடாதீர்கள், அதில் முக்கால்வாசி பதில் இருக்கிறது. மேலே ஓனர் நம்பர், கீழே ஒவ்வொரு வரியிலும் கிணற்றின் பெயர், கவுண்டி, எந்த மாத உற்பத்தி, எத்தனை பேரல், என்ன விலை, எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று இருக்கும். டெக்சஸ் என்றால் எண்ணெய்க்கு 4.6 சதவீதமும் எரிவாயுவுக்கு 7.5 சதவீதமும் மாநில உற்பத்தி வரி. கடைசியில் ஏழெட்டு இலக்கத்தில் ஒரு தசம எண் இருக்கும், அதுதான் உங்கள் பங்கு. அந்த நிறுவனத்தின் ஓனர் ரிலேஷன்ஸ் பிரிவைக் கூப்பிட்டு, சொந்தக்காரர் இறந்துவிட்டார், என்ன ஆவணம் வேண்டும், அவர் பேரில் எந்தெந்தக் கிணறு இருக்கிறது என்று கேளுங்கள். இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிறுவனத்தின் ஸ்டப் இருக்கிறது என்பதால் அவ்வளவுதான் சொத்து என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கவுண்டி கிளார்க் அலுவலகப் பதிவில் அப்பாவின் பெயரைப் போட்டுத் தேட வேண்டும். நிறைய கவுண்டிகள் ஆன்லைனில் வந்துவிட்டன. ஓக்லஹோமா, வடக்கு டகோட்டா என்றால் நிலம் செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் கணக்கில் இருக்கும், ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். டெக்சஸில் அந்த முறை இல்லை, சர்வே பெயரும் அப்ஸ்ட்ராக்ட் எண்ணும் வைத்துத்தான் தேட வேண்டும். கிணறு விவரத்துக்கு டெக்சஸில் ரயில்ரோடு கமிஷன் இணையதளத்துக்குப் போங்கள். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், 1891இல் ரயிலுக்காக ஆரம்பித்தது, இப்போது ரயிலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, எண்ணெய்க் கிணறுகளை அதுதான் பார்த்துக்கொள்கிறது. ஓக்லஹோமாவில் கார்ப்பரேஷன் கமிஷன்.

இன்னொன்று, ஆள் கிடைக்காமல் தேங்கிய ராயல்டியைச் சில வருடம் கழித்து நிறுவனங்கள் மாநில அரசிடம் ஒப்படைத்துவிடும். அப்பா கடைசியாக இருந்த மாநிலம், சொத்து இருக்கும் மாநிலம் இரண்டிலும் கோரப்படாத சொத்துப் பட்டியலில் தேடுங்கள். அதில் ஒரு கிணற்றின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ அகப்பட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு சொத்தே வெளியே வரும்.

"என் பங்கு 0.00585938. இதை வச்சு எத்தனை ஏக்கர்னு சொல்லுங்க."

இந்த எண் மட்டும் போதாது, லீசில் ராயல்டி எவ்வளவு, யூனிட் (கிணற்றுக்காக ஒன்றாகச் சேர்த்த நிலம்) எத்தனை ஏக்கர் என்ற இரண்டும் வேண்டும். பங்கை ராயல்டியால் வகுத்து யூனிட் ஏக்கரால் பெருக்கினால் உங்கள் நெட் ஏக்கர், அதாவது உங்களுக்கே உரிய ஏக்கர், வரும். யூனிட் 640 ஏக்கர், ராயல்டி பதினாறில் மூன்று, அதாவது 18.75 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் இது சரியாக 20 ஏக்கர். அதே எண், ஆனால் லீஸ் பழைய காலத்து எட்டில் ஒன்று என்றால் 30 ஏக்கர்.

வாங்க வருபவர்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். எந்த ஏக்கர் என்று கேளுங்கள்: நெட் மினரல் ஏக்கரா, இல்லை எட்டில் ஒரு பங்கு ராயல்டிக்குச் சமமாக்கிய நெட் ராயல்டி ஏக்கரா? மேலே சொன்ன 20 ஏக்கர், அந்த இரண்டாவது கணக்கில் 30 ஆகிவிடும். ஒரு ஆள் முதல் கணக்கிலும் இன்னொருவர் இரண்டாவது கணக்கிலும் விலை சொன்னால் எது பெரிய தொகை என்று தெரியாமல் முழிப்பீர்கள். மொத்தத் தொகையை எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

"நியூ ஜெர்சியில ப்ரொபேட் முடிச்சாச்சு. எல்லாம் எங்க பேருக்கு வந்துடுச்சுல்ல?"

ப்ரொபேட் என்பது இறந்தவர் சொத்தை நீதிமன்றம் வழியாக வாரிசுகளுக்கு மாற்றும் நடைமுறை. அதில் பேங்க், வீடு வந்திருக்கும். ஓக்லஹோமா கனிமம் வந்திருக்காது. அசையாச் சொத்து எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலச் சட்டம்தான் அதற்கு, அதனால் அங்கே தனியாக இன்னொரு ப்ரொபேட் போட வேண்டும். ஆன்சிலரி ப்ரொபேட் என்பார்கள். உள்ளூர் வக்கீல் ஒருவர் உங்கள் ஊர் நீதிமன்றத்தின் சான்றிட்ட நகல்களை வைத்துச் செய்துவிடுவார், பெரும்பாலும் நீங்கள் நேரில் போக வேண்டியதில்லை. மூன்று மாநிலத்தில் சொத்து என்றால் மூன்று தடவை.

அப்பா உயிரோடு இருக்கும்போதே கனிமத்தை லிவிங் டிரஸ்டுக்கு மாற்றி, அந்த டீடை (சொத்தை மாற்றும் பத்திரத்தை) கவுண்டியில் பதிவும் செய்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. டிரஸ்ட் ஆவணம் அழகாக எழுதி பைண்டு செய்து பீரோவில் இருக்கும், கவுண்டியில் டீட் பதிவாகியிருக்காது. இது சகஜமாக நடக்கிறது, போய்ப் பார்த்துவிடுங்கள்.

"டெக்சஸ்ல ஒரு அஃபிடவிட் போட்டா போதும்னு சொல்றாங்களே?"

ஓரளவு நிஜம். உயில் இல்லாமல் போய்ச் சேர்ந்தவர் என்றால் அஃபிடவிட் ஆஃப் ஹேர்ஷிப் என்று ஒன்று போடலாம்: குடும்பத்தைத் தெரிந்த, சொத்தில் ஒரு பைசா லாபம் இல்லாத இரண்டு பேர், இன்னாருக்கு இத்தனை கல்யாணம், இத்தனை குழந்தை என்று சத்தியம் செய்து எழுதி, கவுண்டியில் பதிவு செய்வது. பல நிறுவனங்கள் இதை ஏற்று செக்கை விடுவிக்கும், வாங்குபவர்களும் ஏற்பதுண்டு. ஆனால் சட்டத்தின் முன்னால் அது முழு வலு பெறுவது பதிவாகி ஐந்து வருடம் ஆன பிறகுதான். உயில் இருந்து, வேறு மாநிலத்தில் ப்ரொபேட்டும் ஆகியிருந்தால் சான்றிட்ட நகலைச் சொத்து இருக்கும் டெக்சஸ் கவுண்டியில் பதிவு செய்யும் வழி இருக்கிறது, அது இதைவிடச் சுத்தம்.

ஓக்லஹோமாவில் பிரிக்கப்பட்ட கனிமத்துக்கு இதே மாதிரி அஃபிடவிட் உண்டு, ஆனால் பத்து வருடம் பதிவில் இருக்க வேண்டும். சீக்கிரம் விற்க நினைப்பவருக்கு அது உதவாது.

"சரி, விற்கத்தான் வேணுமா? அப்படியே வச்சிருந்தா என்ன?"

வைத்திருந்தால் சோறு தண்ணி கேட்காது. டெக்சஸில் உற்பத்தி இருந்தால் கவுண்டி சொத்து வரி வரும், அவ்வளவுதான். நல்ல இடத்தில், இன்னும் கிணறு போடப்படாத ஆழங்கள் மிச்சம் இருந்தால் பொறுமைக்குப் பலன் உண்டு.

விற்பதற்கு என் கணக்கில் நியாயமான காரணங்கள் இவை: பங்கு மிகச் சின்னது, வருடத்துக்கு நூறு டாலர் வருமானத்துக்கு இன்னொரு மாநில வரித் தாக்கல் செய்ய வேண்டியிருக்கிறது, பிள்ளைகள் நாலு பேர், அவர்களுக்குப் பின்னால் பதினைந்து பேர் ஆகிவிடும், ஒருவருக்கும் அக்கறை இல்லை, இல்லையென்றால் மொத்தப் பணத்துக்கு இப்போதே தேவை. தபாலில் ஒரு ஆஃபர் வந்துவிட்டது என்பது காரணமே இல்லை. பாதியை விற்றுப் பாதியை வைத்துக்கொள்ளலாம் என்பதும் நிறையப் பேருக்குத் தோன்றுவதில்லை, தாராளமாகச் செய்யலாம்.

"தபால்ல ஆஃபர் வந்திருக்கு, கூடவே செக்கும் வச்சிருக்காங்க. போட்டுடலாமா?"

அதை நன்றாகப் பாருங்கள். பெரும்பாலும் அது செக் இல்லை, டிராஃப்ட். மேலே உங்கள் பெயரும் தொகையும் பளிச்சென்று இருக்கும், அடியில் சின்ன எழுத்தில் "டைட்டில் (சொத்து யாருடையது என்ற பதிவு) சரிபார்த்த பிறகு, இத்தனை வங்கி வேலை நாளுக்குள்" என்று இருக்கும். கூட ஒரு டீடும் இருக்கும், நோட்டரி முன்னால் கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லி. நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் உங்கள் கை கட்டுப்பட்டுவிட்டது. அவருக்கு விலை பிடிக்கவில்லை என்றால் டிராஃப்டைத் திருப்பி அனுப்பிவிடலாம், இல்லை அந்த அவகாசத்துக்குள் அதையே கூடுதல் விலைக்கு வேறொருவரிடம் தள்ளிவிட்டு நடுவில் லாபம் பார்க்கலாம். இப்படி டீடும் டிராஃப்டும் சேர்த்து அனுப்புபவர்கள், "இதில் கையெழுத்திட்டால் உங்கள் கனிம உரிமையை விற்கிறீர்கள்" என்று பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று டெக்சஸில் சட்டமே போட்டிருக்கிறார்கள். லீஸ் என்று நினைத்து மொத்தமாக எழுதிக் கொடுத்தவர்கள் அத்தனை பேர்.

அந்தக் கடிதத்தால் ஒரு பிரயோஜனம் உண்டு: யாரோ அந்த இடத்தைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். நாலைந்து கடிதம் ஒரே மாதத்தில் வந்தால் பக்கத்தில் கிணறு அனுமதி ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று ரயில்ரோடு கமிஷன் வரைபடத்தில் முதலில் பாருங்கள்.

"எவ்வளவுக்குப் போகும்? ஒரு ரஃப் நம்பராவது சொல்லுங்க."

எல்லோரும் கேட்பது இதைத்தான். மாத வருமானத்தை மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்குப் பெருக்கிக்கொள் என்று ஊரில் ஒரு கணக்கு ஓடுகிறது. நிறைய வருடமாக ஓடி நிதானத்துக்கு வந்துவிட்ட பழைய கிணறு என்றால் அது ஏறக்குறைய ஒத்துவரும். புதிய ஷேல் கிணறு (பாறையை உடைத்து எடுப்பது) என்றால் கால்வாரிவிடும், ஏனென்றால் அதன் உற்பத்தி முதல் வருடத்திலேயே பாதிக்கு மேல் விழுந்துவிடும். அதுவும் போக, முதல் செக்கில் பல மாதப் பாக்கி சேர்ந்து வரும். டெக்சஸில் முதல் விற்பனை நடந்த மாதம் முடிந்து 120 நாள் வரை நிறுவனத்துக்கு அவகாசம் உண்டு. அந்தச் செக்கை ஒரு மாத வருமானம் என்று நினைத்துக் கனவு காண்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்டப்பில் உற்பத்தி மாதம் என்ற பத்தியைப் பாருங்கள், குறைந்தது 12 மாதத்துக்குச் சராசரி எடுங்கள்.

உண்மையான விலையைத் தீர்மானிப்பது இன்னும் போடப்படாத கிணறுகள். டெக்சஸின் மிட்லண்ட், மார்ட்டின், ரீவ்ஸ் கவுண்டிகளில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல பாறை அடுக்குகள் இருக்கின்றன, இன்றைக்கு ஓடும் கிணறு அதில் ஒன்றை மட்டும்தான் தொட்டிருக்கும். அங்கே வருகிற செக்கை மட்டும் வைத்து விலை பேசினால் மிச்ச அடுக்குகளைச் சும்மா கொடுத்த மாதிரி. அதே பத்து ஏக்கர் வேறொரு கவுண்டியில், எல்லாம் எடுத்து முடித்த இடத்தில் இருந்தால் அதில் ஐம்பதில் ஒரு பங்குகூடப் போகாது. அதனால்தான் "டெக்சஸில் ஏக்கர் என்ன விலை" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது.

எண்ணெய் விலையும் இருக்கிறது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்குக் கீழே போய் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. 2022 ஜூனில் 100 டாலருக்கு மேல். அடிமட்டத்தில் பயந்து விற்பது மாதிரி நஷ்டம் வேறில்லை. சொத்து பெரிதாகத் தெரிந்தால் காசு கொடுத்து ஒரு பெட்ரோலிய இன்ஜினியரிடம் மதிப்பீடு வாங்குங்கள்; கீழே வரிக் கேள்வியில் அது இன்னொரு முறை கைகொடுக்கும்.

"கிணறே இல்லை, செக்கும் வரலை. அப்ப வேல்யூ பூஜ்யம்தானே?"

அவசரப்படாதீர்கள். லீசில் இல்லாத கனிமத்துக்கு லீஸ் போனஸ் கிடைக்கலாம், பக்கத்தில் அனுமதி வந்தால் விலை எகிறும். ஆனால் எதுவுமே நடக்காத கவுண்டி என்றால் வாங்க ஆள் இருக்காது, அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கே ஒரு ஆபத்து. சில மாநிலங்களில் நீண்ட காலம் பயன்படுத்தாமல் கிடந்தால் கனிமம் மேல்நில உரிமையாளருக்கே போய்விடும். வடக்கு டகோட்டா, ஒஹையோ, மிச்சிகன், இந்தியானாவில் 20 வருடம், லூசியானாவில் 10 வருடம். இந்தியானா சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 1982இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்துவிட்டது. வடக்கு டகோட்டா மாதிரி இடத்தில் உரிமை கோரும் ஒரு சின்ன ஆவணத்தைக் கவுண்டியில் பதிவு செய்தாலே கெடு புதிதாக ஆரம்பிக்கும். டெக்சஸிலும் ஓக்லஹோமாவிலும் இந்தத் தொல்லை இல்லை.

"யார்கிட்ட விற்கிறது?"

குறைந்தது மூன்று பேரிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். கடிதம் அனுப்பியவர், அந்தக் கவுண்டியில் தொடர்ந்து வாங்குபவர் ஒருவர் (பதிவுகளில் யார் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்தாலே தெரியும்), அப்புறம் ஏலம் அல்லது தரகர். எனர்ஜிநெட் மாதிரி ஆன்லைன் ஏலத் தளங்கள் இருக்கின்றன. தரகருக்குக் கமிஷன் போனாலும் பல பேர் போட்டி போடுவதால் பெரும்பாலும் கையில் அதிகம்தான் மிஞ்சும். சின்னப் பங்கு என்றால் அவர்கள் தொட மாட்டார்கள். ராயல்டி உரிமையாளர்களுக்கென்றே நாரோ என்று ஒரு தேசிய சங்கம் 1980 முதல் இருக்கிறது, அங்கே கேள்வி கேட்கலாம், கற்றுக்கொள்ளலாம்.

"டீட் அனுப்பியிருக்காங்க. இதுல என்ன பார்க்கணும்?"

முதலில் விவரணை. நீங்கள் விற்பது ஒரு செக்‌ஷனில் 20 ஏக்கர், ஆனால் டீடின் நடுவில் "மேலும் இந்தக் கவுண்டியில் விற்பவருக்கு உள்ள அனைத்து உரிமைகளும்" என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். ஏதோ மூலையில் விட்டுப்போனதைச் சேர்க்கத்தான் என்பார்கள். அடித்துவிடச் சொல்லுங்கள். உங்களுக்கே தெரியாத பங்கு அதே கவுண்டியில் இருந்தால் ஒரு பைசா வாங்காமல் அதுவும் போய்விடும், செக் ஸ்டப் கேள்வியில் பதிவு முழுக்கத் தேடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது வாரண்டி. ஜெனரல் வாரண்டி என்றால் ஆதிகாலம் முதல் டைட்டிலில் வரும் எந்த ஓட்டைக்கும் நீங்கள் பொறுப்பு. பரம்பரையாக வந்த சொத்தில், தாத்தா 1940இல் என்ன செய்தார் என்பதற்கு நீங்கள் எப்படிப் பொறுப்பேற்பீர்கள்? ஸ்பெஷல் வாரண்டி, அதாவது என் காலத்தில் நான் வில்லங்கம் எதுவும் வைக்கவில்லை என்ற அளவோடு நிறுத்துங்கள். அப்புறம் அமலாகும் தேதி: அந்தத் தேதிக்கு முந்தைய உற்பத்திப் பணம் உங்களுக்கு, பிந்தையது வாங்கியவருக்கு. சிலர் இதை ஒரு வருடம் பின்னால் தள்ளிப் போட்டிருப்பார்கள்.

பணம் வயரில் வந்து சேர்ந்த பிறகுதான் டீட் கைமாற வேண்டும். நடுவில் ஒரு டைட்டில் கம்பெனியையோ வக்கீலையோ எஸ்க்ரோவுக்கு (பணத்தையும் டீடையும் இடையில் பிடித்து வைத்திருக்க) வைத்தால் இரண்டு பக்கமும் நிம்மதி.

"அப்பாவுக்குச் சேர வேண்டிய பணம் சஸ்பென்ஸ்ல இருக்காம். விற்றா அது யாருக்கு?"

சொந்தக்காரர் இறந்த தகவல் போனதும் நிறுவனம் செக்கை நிறுத்தி, வாரிசு ஆவணம் வரும்வரை தொகையைத் தனியாக வைத்திருக்கும். டீடில் ஒன்றும் எழுதாவிட்டால் சண்டை வரும், சில டீடில் அதையும் சேர்த்து வாங்குபவருக்கே என்று எழுதியிருப்பார்கள். பல வருடம் தேங்கியிருந்தால் சொன்ன விலையில் பெரும்பங்கு உங்கள் சொந்தப் பணமாகவே இருக்கக்கூடும்! முதலில் பேரை மாற்றி அந்தப் பணத்தை வாங்குங்கள், விற்பதை அப்புறம் பேசலாம்.

"விற்ற பணத்துல பாதி வரியாப் போயிடுமா?"

பரம்பரைச் சொத்தில் நல்ல செய்தி இதுதான். அப்பா வாங்கிய விலை கணக்கே இல்லை, அவர் இறந்த அன்றைய சந்தை மதிப்புதான் உங்கள் அடக்க விலை. அதற்கு மேல் கிடைத்த தொகைக்கு மட்டும் மூலதன ஆதாய வரி, அதுவும் எத்தனை நாளில் விற்றாலும் நீண்ட கால விகிதம்: 0, 15 அல்லது 20 சதவீதம். வருமானம் அதிகம் உள்ளவர்களுக்கு அதற்கு மேல் இன்னொரு 3.8 சதவீதம். 2022 ஜூனில் இறந்தவரின் சொத்தை எண்ணெய் விலை இறங்கிய பிறகு விற்றால் நஷ்டமே காட்ட வேண்டியிருக்கலாம். 2020 ஏப்ரலில் இறந்தவர் என்றால் கதை தலைகீழ். அந்த மதிப்பை நிரூபிக்கத்தான் மேலே சொன்ன இன்ஜினியர் மதிப்பீடு, பழைய தேதிக்கும் போட்டுத் தருவார்கள்.

இரண்டு கொக்கிகள். இறப்பதற்கு முன்பே அவருக்குச் சேர வேண்டியதாக இருந்த ராயல்டிக்கு இந்தச் சலுகை கிடையாது, அது சாதாரண வருமானம். அடுத்து, வைத்திருந்த வருடங்களில் ராயல்டிக்கு டிப்ளீஷன் கழிவு (எண்ணெய் தீர்ந்துகொண்டே வருவதற்கான வரிக் கழிவு), வழக்கமாக 15 சதவீதம், எடுத்திருப்பீர்கள். அது அடக்க விலையைக் குறைத்திருக்கும், விற்கும்போது அந்த அளவு ஆதாயம் சாதாரண வருமான விகிதத்துக்குப் போகும்.

மாநில வரி: டெக்சஸில் தனிநபர் வருமான வரி இல்லை. ஓக்லஹோமா, வடக்கு டகோட்டா இரண்டும் வெளிமாநிலத்தாரிடமும் வரி கேட்கும். உங்கள் சொந்த மாநிலமும் கேட்கும், ஆனால் அங்கே கட்டியதற்கு இங்கே வரவு வைத்துக்கொள்ளலாம். டெக்சஸ் சொத்து என்பதால் கலிஃபோர்னியாக்காரர் தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

"அப்பா போறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே எங்க பேருக்கு எழுதிக் கொடுத்துட்டார். அதே கணக்குதானே?"

துரதிர்ஷ்டவசமாக இல்லை. அது அன்பளிப்பு, அதனால் அவருடைய பழைய அடக்க விலையே உங்களுக்கும். 1985இல் சொற்பத்துக்கு வாங்கியது என்றால் கிட்டத்தட்ட முழுத் தொகையும் ஆதாயம். ப்ரொபேட் தொல்லை மிச்சம் ஆகட்டும் என்று பாசத்தில் செய்ததுதான், ஆனால் வரியில் போய் முடிகிறது. இவர்களுக்கு 1031 பரிமாற்றம் யோசிக்க உகந்தது: நிரந்தரக் கனிம உரிமை அசையாச் சொத்து என்பதால் அதை விற்று, 45 நாளுக்குள் வேறு சொத்தைக் குறித்து, 180 நாளுக்குள் வாங்கி முடித்தால் வரி தள்ளிப்போகும். பணம் உங்கள் கைக்கு வராமல் ஓர் இடைத்தரகர் வழியாகப் போக வேண்டும், விற்பதற்கு முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். இறப்புக்குப் பிறகு வந்தவர்களுக்கு ஆதாயமே கொஞ்சம் என்பதால் இந்த அலைச்சல் அநாவசியம்.

"அண்ணன் விற்க மாட்டேங்கிறான். அவன் கையெழுத்து இல்லாம முடியாதா?"

முடியும். பிரிக்கப்படாத பங்கு என்றாலும் உங்கள் பங்கை நீங்கள் தனியாக விற்கலாம், அண்ணன் பங்கு அப்படியே இருக்கும். சேர்ந்து விற்றால் விலை கொஞ்சம் கூடும். அவரிடமே விற்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள், மற்றவர் கொடுத்த எழுத்து விலை கையில் இருந்தால் பேச்சு சுமுகமாகப் போகும்.

"நான் சென்னையில இருக்கேன், கிரீன் கார்டு கிடையாது. அக்கா மாதிரியே விற்க முடியுமா?"

விற்கலாம், பேப்பர் வேலை கூடுதல். கனிமம் அமெரிக்க அசையாச் சொத்து என்பதால், வெளிநாட்டவரிடம் வாங்குபவர் விற்பனைத் தொகையில் 15 சதவீதத்தைப் பிடித்து ஐஆர்எஸ்ஸில் கட்ட வேண்டும். அது லாபத்தின் மேல் இல்லை, மொத்தத் தொகையின் மேல். ஐடிஐஎன் என்ற அமெரிக்க வரி எண் வாங்கி, 1040-என்ஆர் என்ற வெளிநாட்டவருக்கான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்தால் உண்மையான வரி போக மீதி திரும்பும். விற்காமல் வைத்திருந்தால் ராயல்டியில் 30 சதவீதம் பிடிப்பார்கள். செலவு போக நிகரத்துக்கு வரி கட்டுகிறேன் என்று தேர்வு செய்யும் வழி இருக்கிறது, சிபிஏவிடம் கேளுங்கள்.

டீடில் கையெழுத்தை சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேரம் வாங்கி நோட்டரி செய்யலாம், இல்லை உள்ளூர் நோட்டரியிடம் செய்து அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லுபடியாகும் அரசுச் சான்று) வாங்கலாம். எது செல்லும் என்று வாங்குபவரின் வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வெளிநாட்டில் வசித்தவரிடமிருந்து பரம்பரையாக வந்த சொத்தை வைத்திருக்க ஃபெமா (இந்திய அந்நியச் செலாவணிச் சட்டம்) தடை சொல்வதில்லை. ஆனால் இந்தியாவில் வசிப்பவராக இருந்தால் இந்திய வரித் தாக்கலில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டியே ஆக வேண்டும், வைத்திருக்கும் வருடங்களுக்கும் சேர்த்து. இறந்தவரே அமெரிக்காவில் குடியில்லாத வெளிநாட்டவர் என்றால் விஷயம் வேறு: அமெரிக்கச் சொத்து 60,000 டாலரைத் தாண்டினாலே மரணச் சொத்து வரி எட்டிப் பார்க்கும்.

"வித்து ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் எனக்கே செக் வருதே?"

நிறுவனத்தின் பதிவில் பெயர் மாற மாதக்கணக்கில் ஆகும். அமலாகும் தேதிக்குப் பிந்தைய உற்பத்தி என்றால் அந்தப் பணம் உங்களுடையது இல்லை, செக்கை மாற்றாமல் வாங்கியவருக்குத் தகவல் சொல்லுங்கள். முந்தைய மாதங்களின் உற்பத்தி என்றால் உங்களுடையதுதான், ஸ்டப்பில் உற்பத்தி மாதத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பதிவான டீடின் நகலை நீங்களே நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டால் இழுத்தடிப்பு குறையும். அடுத்த ஜனவரியில் நிறுவனத்திடமிருந்து வரும் 1099 என்ற வருமான விவரப் படிவத்தில் அதிகமாகக் காட்டியிருந்தால் திருத்திக் கேளுங்கள், ஐஆர்எஸ் கைக்கும் அதே எண்தான் போகிறது.